வெறும் வயிறு

எழும்பூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த அந்த லாட்ஜில் நோயாளிகளுக்கு அறை கிடையாது. மேனேஜர் காசிநாதன் அதை வாசலிலேயே சொல்லிவிட்டார்.

"ஆஸ்பத்திரி கேஸுன்னா வேற எடம் பாத்துக்கங்க சாமி. போன மாசம் ஒருத்தர் ரூம்லயே போய்ட்டாரு. இன்னிக்கு வரைக்கும் அந்த ரூம் காலியா கெடக்குது."

தேவராஜன் சின்னக் காஞ்சிபுரத்தில் பள்ளிக்கூட வாத்தியார். பொய் அவருக்குச் சுலபத்தில் வராது. ஆனாலும், "கல்யாணத்துக்கு வந்திருக்கோம்" என்றார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி ஹேமாம்புஜம் முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டாள். வயிற்றில் கட்டியோடு மூன்று மாடி ஏறினாள், சுவரில் கையை ஊன்றாமல், மூச்சு வாங்குவதைக்கூட முந்தானையில் மறைத்துக்கொண்டு. அவர் ஒன்று சொல்லிவிட்டால் அதை நிஜமாக்கிக் காட்டுவதுதான் முப்பது வருஷமாக அவள் பாடு.

அறையா அது! ஒரு ஆள் படுக்கிற கட்டிலுக்கு இரண்டு தலையணை. சுவர் முழுக்க மூட்டைப்பூச்சி நசுக்கிய கறை. ஜன்னலைத் திறந்தால் கீழே ஓட்டலிலிருந்து வெங்காய வாடை குபுகுபுவென்று ஏறியது. "மனுஷா இருக்கற எடமா இது" என்று தேவராஜன் பட்டணத்தையே வைது தீர்த்தார். உண்மையில் அவருக்குப் பயம். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நர்ஸிங் ஹோமில் அவளுக்கு ஆபரேஷன். அந்தப் பயத்தை வாய்விட்டுச் சொல்லத் தெரியாத மனிதர், பாவம், மூட்டைப்பூச்சியைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"ஏன்னா, மயக்க மருந்து குடுத்தப்பறம் நேக்கு முழிப்பு வந்துடுமோன்னோ?" என்று அவள் கேட்டாள்.

"பெருமாள் இருக்கார்."

சொல்லிவிட்டுத் தலையணையைப் புரட்டி மறுபடி மூட்டைப்பூச்சி தேடினார்.

ராத்திரி எட்டு மணிக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூட வாயில் படக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவளும் படவிடவில்லை. விடிந்ததும் குழாயில் தண்ணீர் வருகிற நேரம் பார்த்து இருவரும் தீர்த்தமாடினார்கள். தேவராஜன் திருமண் இட்டுக்கொண்டு, பையிலிருந்து வாழை இலைப் பொட்டலத்தைப் பிரித்தார். வரதர் கோயில் இட்லி. மடைப்பள்ளியில் இருக்கும் உறவுக்காரரை இரண்டு நாள் நச்சரித்து, அவளுக்காகவே வாங்கி வந்தது. மிளகும் சுக்கும் மணந்தது.

"டாக்டர் ஒண்ணும் கூடாதுன்னாரே" என்றாள் ஹேமாம்புஜம்.

"சாப்பாட்டைன்னா கூடாதுன்னார்? இது பெருமாள் பிரசாதம். கைக்கு வந்ததை வேண்டாம்னு சொன்னா அபசாரம். கண்ணுல ஒத்திண்டு வாயில போட்டுக்கோ."

சாமர்த்தியப் பேச்சு இல்லை அது. அவர் மனசார நம்பினார். ஏகாதசியன்று பட்டினி கிடந்தாலும் தீர்த்தம் வாங்கிக்கொள்வதில்லையா? தீர்த்தத்தை யாராவது தண்ணீர்க் கணக்கில் சேர்ப்பார்களா? அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு, கை நீட்டி வாங்கி, முழுவதையும் சாப்பிட்டாள்.

நர்ஸிங் ஹோமில் மரியம்மாள் என்ற நர்ஸ் கேட்டாள்: "காலையில ஏதாச்சும் சாப்டாங்களாய்யா? காப்பி, தண்ணி?"

"ஒண்ணும் இல்லை, வெறும் வயிறு" என்றார் தேவராஜன். அதில் பொய் இருப்பதாக அவருக்குத் தோன்றவே இல்லை.

பெண்கள் வார்டில் ஆண்கள் நிற்கக்கூடாதாம். லாட்ஜின் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு அறைக்குத் திரும்பினார். கட்டிலில் சம்மணம் போட்டு சகஸ்ரநாமம் சொல்லத் தொடங்கினார். பாதியில் அடி விட்டுப்போனது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

பத்தரை மணிக்குக் காசிநாதனே மாடியேறி வந்தார். பொய்யைக் கண்டுபிடித்துவிட்ட கோபம் அவர் முகத்தில் இல்லை. அதைப் பார்த்ததும்தான் தேவராஜன் கட்டிலை விட்டு எழுந்தார்.

"நர்ஸிங் ஹோம்லேர்ந்து போன் வந்துச்சு சாமி. சீக்கிரம் போங்க. ரிக்‌ஷா நிறுத்தி வெச்சிருக்குறேன்."

அவர் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் வராந்தாவில் மரியம்மாளைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். "மயக்கத்தில வாந்தி எடுத்து அத்தனையும் நுரையீரலுக்குள்ள போயிருக்கு. வெறும் வயிறுன்னு சீட்டுல எழுதியிருக்கியே, கேட்டியா, கேக்காமலே எழுதினியா?"

மரியம்மாள் தலை குனிந்து அழுதுகொண்டிருந்தாள். உள்ளே ஹேமாம்புஜத்தை வெள்ளைத் துணியால் முகத்தோடு சேர்த்து மூடியிருந்தார்கள்.

"அவளைத் திட்டாதீங்கோ" என்றார் தேவராஜன். குரல் அவருடையதாகவே இல்லை. "நான்தான் குடுத்தேன். பிரசாதம். கோயில் இட்லி. ஒண்ணே ஒண்ணு."

டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். நெற்றித் திருமண்ணில் அவர் பார்வை கொஞ்சம் நின்றது. பிறகு உள்ளே போய்விட்டார். திட்டியிருக்கலாம். நாலு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை.

மரியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தாள். அவள் குரலில் கோபம் இல்லை.

"உள்ள கூட்டிக்கினு போனப்போ அவங்களையும் தனியா கேட்டேன்யா. ரெண்டு தரம் கேட்டேன். ஏதாச்சும் சாப்ட்டிருந்தா சொல்லிடுங்கம்மா, உயிருக்கே ஆபத்துன்னு வெளக்கமாத்தான் சொன்னேன்."

"என்ன சொன்னா?"

"ரெண்டு தரமும் ஒரே பதில்தான்யா. 'அவர்தான் இல்லைன்னு சொல்லிட்டாரே'ன்னாங்க."