கப்பலடியில் நின்ற தண்ணீர்

பெண்கள் பழைய கயிற்றைப் பிய்த்து நாராக்கிக்கொண்டிருந்தார்கள். பென்னபாவின் விரல்கள்தான் கயிற்றில் இருந்தன. கண் போர்க்கப்பலை விட்டு நகரவில்லை. ஆன்டிகுவா தீவில் மன்னருடைய கப்பல் பட்டறைக் கரையில், அடிப்பகுதியைப் பழுதுபார்க்க ஒருக்களித்துச் சாய்த்திருந்த அந்தக் கப்பலை, ஆட்கள் வடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி நிமிர்த்திக்கொண்டிருந்தார்கள்.

அதன் பலகை இடுக்குகளில் நார் திணித்துத் தார் பூசியவன் அவள் புருஷன் மிங்கோ. தண்ணீர் கசிந்தால் இவனையும் ஜமைக்காவுக்கு ஏற்றிக்கொண்டு போவேன், வழியெல்லாம் அடைத்துக்கொண்டே வரட்டும் என்று கேப்டன் சொல்லியிருந்தார். மன்னரின் அடிமையை மன்னரின் கப்பலில் ஏற்ற யாரைக் கேட்க வேண்டும்? போன வருஷம் அப்படிப் போன ஜூபாவின் புருஷன் இன்னும் திரும்பவில்லை. அந்த ஜூபாதான் இப்போது பென்னபாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

கப்பல் நிமிர்ந்தது. அளவுகோலை உள்ளே இறக்கிப் பார்த்த மாலுமி, அடியில் தண்ணீர் நிற்கிறது என்று கத்தினான். பென்னபா கயிற்றைப் போட்டுவிட்டு எழுந்தாள். எழுந்தவளை ஜூபா இழுத்து உட்காரவைத்தாள்.

"எங்கடி ஓடுற? நீ போய் நின்னா தண்ணி வத்திருமா?"

வாளியில் மொண்டு வந்த தண்ணீரை மிங்கோ அள்ளி வாயில் வைத்துப் பார்த்தான்.

"உப்பு கரிக்கல தொரை. இது குடிக்கிற தண்ணி. பீப்பாய் எதையோ எறக்காம உள்ளயே விட்டுட்டாங்க."

சாய்ப்பதற்கு முன் கப்பலைக் காலி செய்வது மாலுமிகளின் வேலை. கேப்டன் மிங்கோவின் பேச்சைக் காதிலேயே வாங்கவில்லை. மாலுமி ஒருவனைக் கூப்பிட்டுக் குடித்துப் பார்க்கச் சொன்னார். அவனும் குடித்துவிட்டுத் தலையாட்டினான். பிறகுதான் ஆட்கள் உள்ளே இறங்கினார்கள். மூலையில் ஒரு பீப்பாய் உடைந்து கிடந்தது. தண்ணீரை இறைத்த பிறகு ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. கூட வர ஆள் வேண்டாம் என்றார் கேப்டன். குடித்துப் பார்த்த மாலுமிக்கு ஒரு குவளை ரம் கிடைத்தது.

பொழுது சாய்ந்ததும் அடிமைகளின் கொட்டடியில் சோளக்களியும் உப்புமீனும் சாப்பிட்டார்கள்.

"உன் கை நடுங்குனது கரை வரைக்கும் தெரிஞ்சுதுய்யா," என்றாள் பென்னபா.

"நீ மூக்கச் சிந்துனது ஜமைக்கா வரைக்கும் கேட்டிருக்கும்," என்றான் அவன்.

ஜூபாவும் சிரித்தாள். சிரித்துவிட்டுச் சுவரோரம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

காவலாள் வந்து கொட்டடிக் கதவை வெளியே பூட்டினான். தினமும் அந்தச் சத்தத்துக்குப் பல்லைக் கடிப்பவள் பென்னபா. இன்று, அவன் பூட்டை இழுத்துப் பார்க்கும்வரை காது கொடுத்துக் காத்திருந்தாள். நன்றாகத்தான் பூட்டியிருந்தது; மிங்கோவும் உள்ளேதான் இருந்தான். அதன் பிறகே மிங்கோவின் தோளில் சாய்ந்து நிம்மதியாகக் கண்ணை மூடினாள்.