மெஷின் செருப்பு

"அங்கதான் செருப்பு கெடக்குமே டாக்டர். அதைப் போடாம அவர் மெஷினைத் தொடவே மாட்டார். அப்புறம் எப்படி கரண்ட் அடிக்கும்? நெஞ்சு வலிதான்."

அம்மா இதை இரண்டாவது முறையாகச் சொன்னபோதுதான் மகள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். நீல வார், அறுந்த இடத்தில் ஊக்கு குத்திய பழைய ரப்பர் செருப்பு. ஆம்புலன்ஸில் ஏறியபோதும் இறங்கியபோதும் அது அவள் காலில்தான் இருந்திருக்கிறது. மெல்லக் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

திரைக்கு அந்தப் பக்கம் அப்பாவை முகம் மூடிக் கிடத்தியிருந்தார்கள். கையில் காயம் எதுவும் இல்லை. ஈரக் கையில் கரண்ட் பாய்ந்தால் தடம் தெரியாமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சின்ன வயதுப் பெண். காலையிலிருந்து உட்காரவில்லை போல. ஒரு காலை மாற்றி மறு காலில் நின்றுகொண்டிருந்தார்.

"யார் பாத்தது? கூட யார் இருந்தீங்க?"

"நான் சமையக்கட்டுல இருந்தேன். சத்தம் கேட்டு ஓடி வந்தா, நெஞ்சுல கையை வச்சுக்கிட்டுக் கீழே கெடக்காரு."

அதற்குள் பக்கத்து அறையிலிருந்து யாரோ கூப்பிட, "இதோ வந்துடறேன்" என்று டாக்டர் போனார்.

அப்பாவுக்கு மின்வாரியத்தில் விபத்துப் புள்ளிவிவரப் பிரிவில் வேலை. ஆபீசில் அவருக்குச் சதவீதம் என்று பெயர். வீட்டிலும் அம்மா கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள். மகள் வீடு திரும்ப நேரமானால் அம்மா ஜன்னலிலேயே நிற்பாள். அப்பாவோ, பஸ் விபத்துக்கு எவ்வளவு குறைந்த வாய்ப்பு என்று சொல்லிவிட்டுக் குறட்டை விடுவார். எதற்கும் பதறாத மனிதர் என்று சொந்தக்காரர்களிடம் நல்ல பெயர்.

துணி துவைக்கிற மெஷின் முதன்முதலில் சுர்ரென்று அடித்தபோது மகள் கையை உதறிக்கொண்டு ஓடி வந்து சொன்னாள். பழைய சுவர், ப்ளக் பாயிண்டில் எர்த் கிடையாது. ஆளைக் கூப்பிட்டு ஒயர் இழுக்கலாம் என்றாள்.

"போன வருஷம் நம்ம பகுதியில வீட்டுக்குள்ள கரண்ட் அடிச்சுச் செத்தது ரெண்டே பேரு. இருக்கிற வீடு எத்தனை லட்சம்? மாடிப்படியில விழுந்து செத்தவன் இதைவிட எத்தனையோ மடங்கு. அதுக்காகப் படியை இடிச்சிடலாமா?"

அவரிடம் யாரால் வாதாட முடியும்? வகுப்பதற்கு அவரிடம் எப்போதும் சில லட்சம் வீடுகள் கைவசம் இருந்தன. சுர்ரென்று அடிக்கும் மெஷின் இருக்கிற வீடுகள் எத்தனை என்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை. அம்மா தனக்குத் தெரிந்த வழியைப் பார்த்தாள். ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கி வந்து மெஷினுக்குக் கீழே போட்டாள். அதற்கு மெஷின் செருப்பு என்று பெயரே வந்துவிட்டது. துணி போடுகிறவர் அதை மாட்டிக்கொண்டு போட வேண்டும். வேறெங்கும் போட்டுக்கொண்டு போகக் கூடாது. இப்போது அபாயம் இன்னும் குறைந்துவிட்டது என்று அப்பாவுக்கு ஏக திருப்தி.

இன்று காலை மகள் முதல் ஈட்டுத் துணியை வாளியில் அள்ளிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள். தரை சுடும் என்று செருப்பைக் கழற்றவில்லை. துணியைக் காயப்போட்டுவிட்டு அடுத்த மாடிக்காரியிடம் இரண்டு வார்த்தை பேசினாள். கீழே இரண்டாவது ஈடு ஓடிக்கொண்டிருந்தது. பிழியும் நேரம் வந்தால் அந்த மெஷின் தையதக்கா என்று ஆடி நகரும். யாராவது இரண்டு கையாலும் மூடியை அழுத்திப் பிடிக்க வேண்டும்.

அவள் இறங்கி வந்தபோது அப்பா மெஷின் மேல் குனிந்து பிடித்துக்கொண்டிருந்தார்.

"நகருங்கப்பா, நான் பிடிச்சுக்கிறேன்" என்றாள்.

அவர் திரும்பவில்லை. வழக்கம்போலக் காதில் வாங்கவில்லை என்று நினைத்தாள். அப்புறம்தான் ஈரத் தரையில் அவருடைய வெறுங்கால்களைப் பார்த்தாள். ஓடிப்போய் மெயினை இறக்கினாள். மெஷின் நின்றது. அதன் பிறகே அவருடைய கை மூடியிலிருந்து விடுபட்டது. ஆள் அப்படியே சரிந்தார். அம்மா கேட்டது அந்தச் சத்தத்தைத்தான்.

"இங்க கொஞ்சம் வாம்மா." ஆபீஸ் மாமா அவளைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் கூப்பிட்டார். அப்பாவோடு ஒரே மேஜையில் பல வருடம் வேலை பார்த்தவர். அழுது கண் வீங்கியிருந்தது.

"அம்மா சொல்றபடியே விட்டுடலாம். கரண்ட்னு வாயைத் திறந்தா போலீஸ் வரும். அறுத்துப் பாக்காம விடமாட்டாங்க. நாளைக்குத்தான் தருவாங்க. அண்ணி தாங்க மாட்டாங்க."

"பொய் சொல்லணுமா மாமா?"

"பொய் என்ன, கடைசியில நிக்கிறது நெஞ்சுதானே. எல்லா வீட்லயும் இப்படித்தாம்மா. யாருக்குத்தான் அறுக்கக் குடுக்க மனசு வரும்?"

"அப்போ அப்பா சொல்வாரே, ரெண்டே பேருன்னு. அது?"

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "அது, வெளிய சொன்னவங்க கணக்கும்மா."

"அப்பாவுக்கு இது தெரியுமா?"

"தெரியாம என்ன. வந்ததைத்தானய்யா கூட்ட முடியும்பாரு."

அவளுக்குத் துக்கத்தைவிட ஆத்திரம்தான் முதலில் வந்தது. ஆபீசில் தெரிந்ததை வீட்டு வாசலில் கழற்றி வைத்துவிட்டா வந்தார்? அப்பா மேல் வந்த ஆத்திரம் அவரிடம் நிற்கவில்லை. சுற்றி வந்து தன் மேலேயே விழுந்தது. ஒரு நாள் லீவு போட்டு ஒயர்க்காரனைக் கூட்டி வந்திருந்தால் அப்பா என்ன, கதவைச் சாத்திவிட்டிருப்பாரா? கணக்கைக் கேட்டுத் தானும்தான் நிம்மதியாகத் தூங்கினாள்.

டாக்டர் திரும்பி வந்தார். அம்மா மறுபடி ஆரம்பித்தாள். "செருப்பு அங்கயே கெடக்கும் டாக்டர்."

நெஞ்சு வலி என்றே இருந்துவிட்டால் அப்பா மாலைக்குள் வீட்டுக்கு வந்துவிடுவார். செருப்பு எங்கே இருந்தது என்று ஆயுசுக்கும் ஒருவரும் கேட்கப் போவதில்லை. அம்மா கேட்காமல் இருப்பது ஒன்றே போதும் போல அவளுக்கு இருந்தது. அடுத்த வருடம் இன்னொரு வீட்டில், இன்னொருவர் ரெண்டே பேர் என்று சொல்லிக் காலை நீட்டிப் படுப்பார்.

அவள் கால்களை வெளியே எடுத்து வைத்தாள்.

"செருப்பு என் கால்ல இருக்கும்மா."

அம்மா பார்த்தாள். ஊக்கை அவள்தான் குத்தியிருந்தாள்.

"நான் மாடிக்குப் போட்டுக்கிட்டுப் போயிட்டேன். அப்பா வெறுங்காலோட மெஷினைப் பிடிச்சுட்டு இருந்தார் டாக்டர். மெயினை நான்தான் இறக்கினேன். அப்புறம்தான் கை விட்டுச்சு. கரண்ட்தான்."

ஆபீஸ் மாமா தலையைக் குனிந்துகொண்டார். டாக்டர் எழுதத் தொடங்கினார். அம்மா அழவும் இல்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று முழுவதும் அம்மா அவளிடம் பேசவில்லை. தூக்கம் இல்லாமல் விடிந்தது. மதியம்தான் அப்பாவைத் தருவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். காலையில் ஆபீஸ் மாமா வந்து வாசலிலேயே நின்றார்.

"இந்த மாச அறிக்கை என் தலையிலதான் விழும்" என்றார். அப்புறம், "சேர்த்துடறேன்மா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

உடுத்திவிட அப்பாவின் வெளிர் நீலச் சட்டை வேண்டும் என்று அம்மா யாரிடமோ சொல்வது கேட்டது. பீரோவில் இல்லை. மகளுக்குத் தெரியும், அது இரண்டாவது ஈட்டில் போட்டது. நேற்றிலிருந்து மெஷினுக்குள் கிடக்கிறது.

போய் நின்றாள். ப்ளக்கைப் பிடுங்கி ஒயரைச் சுருட்டி மேலே வைத்திருந்தார்கள். ஒன்றும் செய்யாது என்று தெரிந்தும் கை மூடிக்குப் போகவில்லை. உள்ளிருந்து ஈரத்துணி புழுங்கிய வாடை வந்தது.

பின்னால் காலடி கேட்டது. அம்மா. வாசலில் அவள் கழற்றிப் போட்டிருந்த செருப்பைக் கையில் எடுத்து வந்திருந்தாள். குனிந்து, அவள் காலுக்கு முன்னால் ஜோடியாக வைத்தாள்.

"போட்டுக்கிட்டுத் தொடு" என்றாள்.