மார்வுட் பிரபு குடித்தாரா?

மார்வுட் பிரபு மாடிப்படியிலிருந்து உருண்டு விழுந்து செத்தது குடிவெறியில்தான் என்பதில் லிபினுக்குச் சந்தேகமே கிடையாது. யாரோ தள்ளிவிட்டார்கள் என்றான் கிரீஷ். அவன் தங்கை ஸ்ரீலட்சுமி இரண்டும் இல்லை என்றாள். சில மாதங்களாகவே அவர்களுடைய சனிக்கிழமைச் சாயங்காலங்கள் இந்த வழக்கிலேயே கழிந்துகொண்டிருந்தன.

பிரபு நிஜ ஆள் அல்ல. 'மார்வுட் மாளிகை' என்ற கம்ப்யூட்டர் கேமில் வருகிறவர். சுடுவது, வெட்டுவது எதுவும் இல்லாத கேம் அது. ஆடுகிறவன் ஒரு வக்கீல் குமாஸ்தா. மாளிகைக்குள் அறை அறையாகப் போய், சாமான்களைத் தொட்டுப் பார்த்து, வேலைக்காரர்களிடம் கேள்வி கேட்டு, பிரபு எப்படிச் செத்தார் என்று கண்டுபிடிக்க வேண்டும். முதல் பாகம் விடை சொல்லாமலே முடிந்துவிட்டது. இரண்டாம் பாகம் அடுத்த வருஷம், இரண்டாயிரத்து ஐந்தில்தான் வரும் என்றார்கள். அதுவரை, அதை ஆடியவர்கள் எல்லாம் இன்டர்நெட்டில் ஒரு ஃபோரத்தில் கூடிச் சண்டை போட்டார்கள். அந்தச் சண்டையின் திருவனந்தபுரம் கிளை பழவங்காடியில், கிரீஷ் வீட்டு மாடியில் நடந்தது. கீழே அவன் அப்பா பகவதிப்பெருமாளின் பாத்திரக்கடை. மேலே ஒரு கம்ப்யூட்டர், மூன்று நாற்காலி, கோவில் வாசலில் தேங்காய் உடைபடும் சத்தம்.

லிபின் தம்பானூரில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடையில் வேலை பார்த்தான். கிரீஷின் கம்ப்யூட்டரைச் சரிசெய்ய வந்தவன்தான், பிறகு சனிக்கிழமை தவறாமல் வரலானான். ஊர், பொன்முடி மலைக்குக் கீழே கல்லாறு. வீட்டைப் பற்றி அவன் பேசியதில்லை. அவர்களும் கேட்டதில்லை.

அன்றைக்கு ஸ்ரீலட்சுமி காலேஜிலிருந்து வந்த கையோடு மாடிக்கு ஏறினாள். பயோடெக்னாலஜி படிக்கிறவள். பிரபுவுக்கு இருந்தது பரம்பரை நோய் என்பது அவள் கட்சி. அதை நிரூபித்துவிடப் போவதாகச் சொன்னாள்.

"குடிகாரன் நடை எனக்குத் தெரியும். அதை எனக்கு யாரும் படிச்சுத் தர வேண்டாம்," என்றான் லிபின்.

"சரி அண்ணே. அவர் ரூம்ல அத்தனை பாட்டில் இருக்கே, ஒண்ணாவது திறந்திருக்கா? கிளிக் பண்ணிப் பாருங்க. எல்லாத்திலயும் தக்கை அப்படியே இருக்கு."

கிரீஷ் கிளிக் செய்து பார்த்தான். அவள் சொன்னது சரி. பிறகு வேலைக்காரர்கள் நினைவுகூரும் பழைய காட்சிகளை ஒவ்வொன்றாகப் போடச் சொன்னாள். பிரபு காலையில் படுக்கையைவிட்டு இறங்கும்போதே கால்களை அகட்டி வைத்துத் தள்ளாடுகிறார். கோப்பையை எடுக்க நீட்டிய கை கோப்பையைத் தாண்டிப் போய், திரும்பி வந்து பிடிக்கிறது. பேச்சு இழுத்து இழுத்து, துண்டு துண்டாக வருகிறது. ஆனால் பேசுகிற விஷயத்தில் தடுமாற்றமே இல்லை. பழைய கணக்கெல்லாம் துல்லியமாக ஞாபகம் வைத்துச் சொல்கிறார். போதையில் இருப்பவன் அப்படிச் சொல்வானா?

லிபின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கை தாண்டிப் போய்த் திரும்பி வருவதை கிரீஷ் இன்னொரு தடவை போட்டுக் காட்டினான்.

ஸ்ரீலட்சுமி விடவில்லை. கூடத்துப் படத்தில் பிரபுவின் அப்பா அறுபது வயதில் ஊன்றுகோலோடு நிற்கிறார். பிரபுவுக்கு நாற்பத்தைந்திலேயே தள்ளாட்டம். மகனோ முப்பது தாண்டவில்லை, அதற்குள் கையிலிருந்து மெழுகுவத்தியைத் தவறவிடுகிறான்.

லிபினுக்குப் பிடி கிடைத்தது. "இதுதான் சும்மா புளுகு. தலைமுறைக்குத் தலைமுறை சீக்கிரம் வர்றதுக்கு ஜீனுக்குக் காலண்டர் தெரியுமோ?"

கதை எழுதினவன் பயமுறுத்தச் சேர்த்தது என்று கிரீஷும் சொன்னான்.

"இல்ல. நெசமாவே அப்படி நோய் உண்டு," என்றாள் அவள். சில ஜீன்களில் ஒரே எழுத்துக்கூட்டம் திரும்பத் திரும்ப வரும். பிள்ளைக்குப் போகும்போது அது இன்னும் நீண்டுவிடலாம். நீளம் கூடக் கூட நோய் சீக்கிரம் வரும். சிலவற்றில், அப்பா வழியாக வந்தால் இன்னும் வேகமாக நீளும் என்று வகுப்பில் சொன்னார்களாம். பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வரலாம், வராமலும் போகலாம். சிறுமூளைதான் கெடும். அறிவுக்கு ரொம்பக் காலம் ஒன்றும் ஆகாது.

"பாத்தா குடிச்சவன் மாதிரியே இருக்குமோ?" லிபினின் குரல் தணிந்திருந்தது.

"அச்சு அசலா. குடிச்சிட்டு வண்டி ஓட்டுறான்னு போலீஸ் பிடிச்ச ஆளுகூட உண்டுன்னு சொன்னாங்க."

கிரீஷ் தோல்வியை ஒப்புக்கொண்டு, எல்லாவற்றையும் அப்போதே ஃபோரத்தில் எழுத உட்கார்ந்தான். அண்ணனும் தங்கையும் இங்கிலீஷ் வாக்கியத்துக்காக அடித்துக்கொண்டிருக்கையில் லிபின், வேலை இருக்கிறது என்று சொல்லி இறங்கிப் போனான். கீழேயிருந்து கிரீஷின் அத்தை பொன்னம்மை கொடுத்தனுப்பிய சாயா அவன் நாற்காலியருகே ஆறிக் கிடந்தது.

லிபினின் அப்பா ஞானையன் பொன்முடியில் தேயிலை எஸ்டேட் சூப்பர்வைசராக இருந்தவர். பாறசாலைப் பக்கத்திலிருந்து மலைக்கு வந்த குடும்பம். லிபினைச் சின்ன வயதிலேயே நகரத்தில் ஹாஸ்டலில் சேர்த்துவிட்டார்கள். அவன் அங்கே இருக்கும்போதுதான் அப்பா குடிக்க ஆரம்பித்தார் என்று அம்மா சொன்னாள். வேலை நேரத்தில் குடித்ததாக எஸ்டேட் அவரை அனுப்பிவிட்டது. குடும்பம் கல்லாற்றுக்கு இறங்கி வந்து சாயாக்கடை போட்டது. ஒருநாள் காலையில் அவர் மகனைப் பார்க்க ஹாஸ்டலுக்கு வந்தார். கேட்டைத் தாண்டும்போது விழுந்தார். அவர் கொண்டுவந்த முறுக்குப் பொட்டலம் உடைந்து சிதறியது. மாடி வராந்தாவில் நின்ற பையன்கள் கைதட்டிச் சிரித்தார்கள். லிபின் இறங்கிப் போகவே இல்லை. யாருடைய அப்பா என்று கேட்டவனிடம் தெரியாது என்று சொன்னான். அதற்குப் பிறகு அவரோடு நேருக்கு நேர் பேசியதும் இல்லை. லீவுக்கு வீட்டுக்குப் போனால், அவர் முன்னால் இருந்தால் இவன் பின்னால் போவான். அவரிடம் சாராய வாசனை அடித்ததா என்று தெரிந்துகொள்ளும் அளவுக்குப் பக்கத்தில் அவன் நின்றதே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை பொன்முடி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அதுதான் அவன் நினைவுக்கு வந்தது. நெடுமங்காடு, விதுரை எல்லாம் கடந்து போனது தெரியவில்லை. சோற்றுத்தட்டைத் தாண்டிப் போகும் அப்பாவின் கை. சின்ன வயதில் பாறசாலை வீட்டுக் கட்டிலில் பார்த்த தாத்தா. அவருக்கு வாதம் என்று சொல்லியிருந்தார்கள்.

அம்மா தங்கபாய் கடையில் ஜீப்பில் வந்த கூட்டத்துக்குச் சாயா ஆற்றிக்கொண்டிருந்தாள். மகனைக் கண்டதும் முகம் மலர்ந்து, சாப்பிட்டாயா என்று கேட்டாள். அவன் அடுப்பருகே போய் நின்றான்.

"அம்மா, அப்பா எப்பமாவது குடிச்சிட்டு உண்டா?"

அவள் கை ஒரு கணம் நின்றது. பிறகு மீதிக் கிளாசுகளையும் நிரப்பிக் கொடுத்துவிட்டு, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே நடந்தாள். அவன் பின்னாலேயே போனான்.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல்ல. நெசத்தைச் சொல்லு."

அவள் விறகுப் பெட்டிமேல் உட்கார்ந்தாள். சொல்ல ஆரம்பித்தபோது அழவில்லை. ரொம்ப நாளாகச் சொல்லத் தயாராக இருந்தவள்போலச் சொன்னாள். ஞானையன் ஒரு சொட்டுகூடக் குடித்ததில்லை. எஸ்டேட்டில் பேச்சு கிளம்பியதும் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் தாத்தாவைப் பற்றியும் தாத்தாவின் தம்பியைப் பற்றியும் கேட்டார். இது ரத்தவழியாக வருவது, மருந்து இல்லை, பிள்ளைகளுக்கும் வரலாம் என்று சொன்னார். வீடு வந்த பிறகுதான் ஞானையன் வாயைத் திறந்தார்.

"'குடிகாரன் பிள்ளையள்ன்னா ஆளுவ கொஞ்ச நாளு பேசும். பிறவு பொண்ணு எடுக்கும், குடுக்கும். ரத்தத்துல தீனம்ன்னா ஒருத்தனும் வாசல் ஏற மாட்டான். நான் குடிகாரனாவே இருந்துட்டுப் போறேன்'னு அவருதான் சொன்னாரு மக்கா. நான் சொல்லல்ல."

அதன் பிறகு, அவர் குடிக்கிறார் என்று ஊரில் சொன்னவள் அவளேதான். சபைக் கமிட்டியிலிருந்து அவர் பெயரை நீக்கினார்கள். பாஸ்டர் வீட்டுக்கு வந்து, குடியை விடும்படி புத்தி சொல்லி ஜெபம் பண்ணினார். ஞானையன் தலையைக் குனிந்து ஆமென் சொன்னார். லிபினின் அக்கா ரெனிக்கு மார்த்தாண்டத்திலிருந்து சம்பந்தம் வந்தபோது மாப்பிள்ளை வீட்டார், அப்பன் குடிகாரன் என்று நகையைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டார்கள். அவ்வளவுதான். கல்யாணம் நடந்தது.

"அப்பம் ரெனி அக்காளுக்கும் எனக்கும்?"

"உங்களுக்கு ஒண்ணும் வராது. நான் ஜெபிக்காத நாளு கிடையாது."

"அவளுக்குத் தெரியண்டாமா? இனி ஒரு பிள்ளை பெறும் முன்னாடியாவது?"

தங்கபாய் கதவுப் பக்கம் பார்த்தாள். பிள்ளை பெற்று ரெண்டு மாசம்கூட ஆகவில்லை, இப்போது சொன்னால் அவள் என்ன செய்வாள் என்று கேட்டாள். லிபின் பின்கட்டுக்குப் போனான்.

ஞானையன் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மெலிந்துபோயிருந்தார். மகன் வந்து எதிரே நின்றதும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. ஆற்றுக்குக் குளிக்கப் போகலாமா என்று லிபின் கேட்டான். அவர் அவனையே பார்த்துவிட்டுக் கையை நீட்டினார். கை அவன் தோளைத் தாண்டிப் போயிற்று. அவன் பிடித்துக்கொண்டான்.

ரோட்டைக் கடந்து ஆற்றுக்கு இறங்க வேண்டும். அவருடைய பாதி எடை அவன்மேல் இருந்தது. அவர் மேலே சோப்பு வாசனையும் தைல வாசனையும்தான் அடித்தன. ரோட்டோரத்தில் நின்ற ஜீப் டிரைவர், பழக்கப்பட்ட ஆள், சிரித்துக்கொண்டே கேட்டான்.

"ஞானையன் சேட்டன் ராவிலேயே தொடங்கியாச்சோ?"

ஜீப்பில் இருந்தவர்களும் சிரித்தார்கள். லிபின் நின்றான். அப்பாவின் விரல்கள் அவன் கையை இறுக்கின. அந்த விரல்களில் இன்னும் அவ்வளவு பலம் இருக்கும் என்று அவன் நினைக்கவில்லை.

"ஆமா," என்றான் லிபின். "காலையிலேயே."

அவர்கள் மெதுவாக இறங்கிப் போனார்கள். பாறையில் உட்காரவைத்து அவர் தலையில் அவன் தண்ணீர் ஊற்றும்போது ஞானையன் ஏதோ சொல்ல முயன்றார். சொல் வெளியே வர நேரம் பிடித்தது. ரெனியிடம் சொல்லாதே என்கிறார் என்பது பாதியிலேயே புரிந்துவிட்டது. என்றாலும் அவர் முடிக்கும்வரை அவன் காத்திருந்தான்.

பிறகு வந்த சனிக்கிழமைகளில் அவன் பழவங்காடிக்குப் போகவில்லை. கடையில் சின்ன ஸ்க்ரூக்களை முடுக்கும்போது தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பான். ஒருநாள் ஸ்ரீலட்சுமிக்கு போன் செய்து, அந்த நோய் வருமா வராதா என்று முன்கூட்டியே சோதித்துப் பார்க்க முடியுமா என்று கேட்டான். வெளியூரில் பெரிய லேபுகளில் முடியும் என்றாள்.

"யாருக்கு அண்ணே?"

"கேமுக்குத்தான்."

அவள் மேலே கேட்கவில்லை. ஆனால் போனை வைக்கவும் மனமில்லாமல், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சம்பந்தமில்லாமல் சொன்னாள். அவன் சோதனைக்குப் போகவில்லை. போகலாம் என்று நினைக்கிற நாளும் உண்டு. அன்றைக்குப் பார்த்து வேலை நிறைய இருக்கும்.

மழைக்காலம் தொடங்கியபோது ரெனி கூப்பிட்டாள். குழந்தைக்கு ஞானஸ்நானம், ஞாயிற்றுக்கிழமை மார்த்தாண்டத்தில். சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"லே லிபின், அப்பாவைக் கூட்டிட்டு வராதே. இவங்க ஆளுவ எல்லாம் இருப்பாங்க. கல்யாணத்தன்னைக்குப் பட்டது போதும். அம்மையும் நீயும் மட்டும் வந்தா மதி."

அந்தக் கல்யாணத்தில் ஞானையன் பந்தலில் தடுமாறி, சாப்பாட்டு இலைகளின்மேல் விழுந்தார். லிபினும் அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டவன்தான். இப்போது எல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. பின்னால் குழந்தை சிணுங்கும் சத்தம் கேட்டது. ரெனி அதை, கண்ணே, மக்களே என்று கொஞ்சித் தட்டினாள்.

"சரி அக்கா. நான் அப்பா கூட நிக்கேன். நீங்க நடத்துங்க."

"நீ வராம எப்படிலே? நீ மாமன் அல்லா?"

மாமன்தான் என்றான். ஆனால் வர முடியாது என்றான். அவள் கோபத்தோடு போனை வைத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கல்லாற்றில் விடாத மழை. ஜீப் ஒன்றும் மேலே போகவில்லை. தங்கபாய் முதல் பஸ்ஸிலேயே போய்விட்டாள். ஞானையன் வெள்ளைச் சட்டை கேட்டார். கூட்டிப்போகவில்லை என்று தெரிந்தும் கேட்டார். லிபின் பட்டனைப் போட்டுவிட்டு, கஞ்சி வைத்து, ஸ்பூனால் ஊட்டினான். பாதி நெஞ்சில் வழிந்தது. ஆராதனை தொடங்கியிருக்கும் நேரத்தில் அவர் கண்களை மூடிக்கொண்டார். உதடுகள் அசைந்தன. லிபினுக்கு ஜெபம் எதுவும் வரவில்லை. பெஞ்சின் மறுநுனியில் உட்கார்ந்து மழையைப் பார்த்தான்.

இருட்டும் முன் தங்கபாய் நனைந்து வந்தாள். கைப்பையில் கேக் துண்டு ஒன்று, டிஷ்யூ பேப்பரில் ஒட்டிப்போய் இருந்தது. எல்லாம் நல்லபடியாக நடந்தது என்றாள். பிள்ளை தண்ணீர் பட்டதும் அழவே இல்லையாம். பெயர் என்னவென்று லிபின் கேட்டான். அவள் சேலை நுனியைப் பிழிந்துகொண்டே நின்றாள். முதல் ஆண்பிள்ளைக்கு அம்மாவின் அப்பா பெயரையும் சேர்க்க வேண்டும் என்று ரெனி கேட்டுப் பார்த்தாளாம். அவர்கள் வீட்டில் முகம் சுளித்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை, முகம் மட்டும் சுளித்தார்கள். அதனால் அந்தப் பக்கத்துத் தாத்தா பெயரையே வைத்தாயிற்று.

"சுவாமிதாஸ்," என்றாள்.

ஞானையன் தலையை உயர்த்தினார். அந்தப் பெயரைச் சொல்லிப் பார்க்க வாயைத் திறந்தார். முதல் எழுத்து வந்தது. அடுத்தது வரவில்லை. மறுபடியும் தொடங்கினார். லிபின் கேக்கைச் சின்னதாகக் கிள்ளி வைத்துக்கொண்டு, அவர் சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்தான்.