போட்டி நிலைக்கு ஊறு

நகரசபையின் தகவல் பிரிவில் அவரை மைக்காரர் என்று கேட்டால்தான் ஆள் காட்டுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. நகரசபை போட்ட ஒப்பந்தம் எதையாவது பார்க்க வேண்டும் என்று பொதுமக்களில் யாராவது மனுக் கொடுத்தால், அது கழிவறைக்குப் பக்கத்து அறையில் இருக்கும் அவருடைய மேசைக்கு வரும். ஒப்பந்தக்காரக் கம்பெனிக்கு அவர் எழுதிக் கேட்பார்: இதில் எதை வெளியே சொன்னால் உங்கள் வியாபாரத்துக்குக் கெடுதல்? கம்பெனி மஞ்சள் பேனாவால் கோடு போட்டு அனுப்பும். மஞ்சள் பட்ட இடத்திலெல்லாம் மைக்காரர் அடிமட்டம் வைத்துக் கறுப்பு மை பூசுவார். பூசிய தாளை வெளிச்சத்தில் பிடித்தால் எழுத்து தெரியும் என்பதால், அதை நகல் எடுத்து அந்த நகலைத்தான் கொடுப்பார். மனுதாரர் கைக்குப் போய்ச் சேரும்போது சில பக்கங்களில் ‘மற்றும்’, ‘ஆகவே’ என்ற இரண்டு சொற்கள் மட்டும் உயிரோடு இருக்கும். ஆனால் பாருங்கள், சட்டப்படி ஒப்பந்தம் கொடுத்தாகிவிட்டது.

கம்பெனிகளுக்கு முதலில் ஆட்சேபணை எழுதவே தெரியாமல் இருந்தது. ஒன்று கெஞ்சும், இன்னொன்று மிரட்டும். குப்பை அள்ளும் கம்பெனி முதலாளி ஒருவர் தன் மகள் கல்யாணச் செலவையெல்லாம் விலாவாரியாக எழுதியிருந்தார். படித்துப் படித்து அலுத்துப்போன மைக்காரர் ஒருநாள் உட்கார்ந்து மாதிரிக் கடிதம் ஒன்றைத் தயார் செய்து எல்லாக் கம்பெனிகளுக்கும் அனுப்பி வைத்தார். ‘இவ்விவரம் வெளியானால் எமது போட்டி நிலைக்கு ஊறு விளையும், அடுத்த ஏலத்தில் நகரசபைக்கே நல்ல விலை கிடைக்காமல் போகும், ஆகவே இதை மறைப்பதே பொதுநலன்.’ அவ்வளவுதான் கடிதம். வியாபாரம் பெரிதா பொதுநலன் பெரிதா என்று எடை போட்டுப் பார்க்கச் சொல்கிறது சட்டம். இவருடைய வாக்கியம் தராசின் இரண்டு தட்டிலும் கம்பெனியையே ஏற்றி உட்கார வைத்துவிட்டது. மேலதிகாரி அம்மாள் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் பாராட்டினார். மனிதருக்கும் உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

போன வருஷம் அவருடைய அண்ணன் போய்ச் சேர்ந்தார். நெஞ்சுவலி என்று நகரசபை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். மேல்மாடிக்கு ஏற்றிய லிப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே தள்ளுகட்டிலில் அண்ணன், தலைமாட்டில் வார்டு ஊழியர், கால்மாட்டில் அண்ணி. அந்தப் பக்கம் போக இடமில்லாததால் அண்ணி புருஷனின் காலைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். லிப்ட் மெக்கானிக் வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. அதற்கு வெகுநேரம் முன்பே அந்தக் கால் ஜில்லிட்டுவிட்டது.

மைக்காரருக்கு அழுகை வரவில்லை. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று பார்த்தார். வரவேயில்லை. சாப்பாடு மண்ணாகவும் இல்லை, ருசியாகவும் இல்லை. மாடியில் அண்ணி, கீழே இவரும் மனைவியும், சமையல் ஒன்றாக, பேச்சு தேவைக்கு மட்டும் என்று வீடு ஓடிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்த அண்ணிக்கு அங்கே ஒரே பதில்தான் கிடைத்தது: எல்லாம் ஒப்பந்தப்படியே நடந்தது. அப்படியானால் ஒப்பந்தத்தைக் காட்டுங்கள் என்று அவள் மனுப் போட்டாள். லிப்ட் பழுதானால் எவ்வளவு நேரத்துக்குள் ஆள் வர வேண்டும் என்று எழுதியிருக்கிறது? அந்த ஒரு வரிதான் அவளுக்கு வேண்டும். வீட்டில் மூச்சு விடவில்லை. கொழுந்தன் வேலைக்குத் தன்னால் தொல்லை வரக் கூடாது என்று நினைத்திருப்பாள். அவளுடைய குண்டு குண்டு எழுத்தை மைக்காரர் தன் மேசையில் பார்த்தார்.

ஒப்பந்தக் கோப்பை எடுத்துப் பார்த்தார். ‘அழைப்புக் கிடைத்த நான்கு மணி நேரத்துக்குள்.’ சந்தைக்கும் நூலகத்துக்கும் வாகன நிறுத்தத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் சேர்த்து ஒரே ஒப்பந்தம், ஒரே நான்கு மணி நேரம். புத்தகம் எடுக்கப் போகிறவனும் உயிர் போகிறவனும் காகிதத்தில் ஒன்று. அந்தக் காகிதத்தில் நகரசபையின் முத்திரையும் இருந்தது. அவர் இரண்டு முறை படித்துவிட்டுக் கோப்பை மூடி, கம்பெனிக்கு வழக்கம்போல் எழுதினார். வழக்கத்தை மீறினால் அண்ணிக்கே பாதகமாகிவிடும் என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டார்.

கம்பெனியின் ஆட்சேபணை வந்தது. ஒரு எழுத்துக்கூட மாறாமல் அவருடைய வாக்கியம். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவர் என்று ஊரில் சொல்வார்களே, அந்த ஆள் தபாலைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

மேலதிகாரி அம்மாளிடம் போய், மனுதாரர் தன் அண்ணி என்றார். சொந்தக்காரர் மனுவை ஊழியர் கையாளக் கூடாது என்பது விதி. அம்மாள் நல்ல மனுஷி. துக்கம் விசாரித்தார், உட்காரச் சொன்னார், முடிவைத் தானே எழுதிக் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். அந்த வரியை மட்டுமாவது திறந்து விட முடியாதா என்று மைக்காரர் கேட்டார். அம்மாள் ஆட்சேபணையை மறுபடியும் நிதானமாகப் படித்தார்.

“எவ்வளவு சுத்தமா எழுதியிருக்காங்க பாருங்க. இதுக்கு நான் என்னன்னு பதில் எழுதறது? நீங்களே சொல்லுங்க.”

அவர் கடிதத்தைத் திரும்ப வாங்கிக் கோப்பில் வைத்தார்.

“மை மட்டும் நீங்களே பூசிடுங்க,” என்றார் அம்மாள். “எனக்குக் கோணலா வரும்.”

அவர் பூசினார். அடிமட்டத்தை வைத்து, மேலும் கீழும் பக்கத்து வரிகளில் படாமல். நகல் எடுக்கும் இயந்திரத்திலிருந்து தாள் இளஞ்சூடாக வந்தது. உறையில் போட்டு விலாசம் எழுதினார். தன் வீட்டு விலாசம்தான்.

இரண்டொரு நாளில் உறை வீடு வந்து சேர்ந்தது. மைக்காரர் வேலை முடிந்து வந்து கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். அண்ணி தட்டு வைக்க வேண்டிய இடத்தில் அந்தத் தாளை வைத்தாள்.

“இந்த மை நீ பூசினதா தம்பி?”

“ஆமா அண்ணி.”

“நெனச்சேன். நீ செவுத்துக்குப் பெயிண்ட் அடிச்சாலும் இப்படித்தான், நூல் புடிச்ச மாதிரி இருக்கும்.”

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

“இதுக்கு அடியில என்ன இருக்கு?”

சொல்லக் கூடாது. சேர்ந்த முதல் நாளே சத்தியக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். மறைத்ததை வெளியே சொன்னால் வேலை போகும். இத்தனை வருஷத்தில் கட்டிய பெண்டாட்டியிடம்கூட அவர் ஒரு வரி சொன்னதில்லை. அவள் சலித்துப்போய்க் கேட்பதையே விட்டுவிட்டாள்.

“நாலு மணி நேரம்,” என்றார்.

அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“மெக்கானிக் ஒன்றரை மணி நேரத்துல வந்துட்டானே.”

“ஆமா.”

“அப்ப அவன் சீக்கிரம் வந்திருக்கான்.” தாளைத் தன் பக்கம் திருப்பி வைத்தாள். “அவனை நான் என்னென்ன பேசினேன் தெரியுமா? கொலைகாரன்னேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னான் பாவி. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலை.”

மைக்காரரின் மனைவி அடுப்படி வாசலில் கரண்டியோடு வந்து நின்றாள். யாரும் அவளுக்கு எதுவும் விளக்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

காதோடு சொன்னது போதாது என்றாள் அண்ணி. அவள் போய்ச் சொன்னால் கொழுந்தன் சொன்ன கதை என்றுதான் ஆகும். நகரசபை தன் கையாலேயே அந்த வரியைத் திறந்து கொடுக்க வேண்டும். அதற்கு மேல்முறையீடு என்று ஒன்று இருக்கிறதாமே?

“நீ சொல்லு, நான் எழுதறேன். உன் கையெழுத்து அங்க எல்லாருக்கும் தெரியும்.”

வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, உறையோடு வந்திருந்த மேல்முறையீட்டுப் படிவத்தை அவரே இழுத்துக்கொண்டார். அந்த வாக்கியத்தை எப்படி உடைப்பது என்று உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். எந்த இடத்தில் பலவீனமாக இருந்தது, எதை வைத்து அதைப் பூசி மெழுகினோம் என்று அவருக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனாலும் முதல் வரி வர நேரமாயிற்று. இத்தனை காலம் கம்பெனிக்காரன் குரலிலேயே எழுதிப் பழகிய கை. சோறு ஆறிப்போனது. கடைசியில் எழுதினார்: ‘பழுது பார்க்க ஆள் வரும் நேரம் விலை அல்ல. கடிகாரம் கட்டிய எவரும் லிப்ட் வாசலில் நின்று அதை அறியலாம். உள்ளே சிக்கிக்கொண்டவர்கள் அனுபவித்து அறிந்த ஒன்று வியாபார ரகசியம் ஆகாது.’

அண்ணி படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். அடியில் மனுவை எழுதிக் கொடுத்தவர் பெயரும் உறவும் கேட்டிருந்தது. நகரசபை ஊழியர் நகரசபைக்கு எதிராக மேல்முறையீடு எழுதக் கூடாது என்பது அவருக்குத் தெரியாததல்ல. சம்பளப் பட்டியலில் உள்ள முழுப்பெயரை எழுதினார். உறவு என்ற இடத்தில் ‘இறந்தவரின் தம்பி’ என்று எழுதினார். அண்ணன் செத்துப்போனதை அவர் வாயாலோ கையாலோ சொன்னது அதுதான் முதல் தடவை. காகிதத்திலிருந்து பேனாவை எடுக்க மறந்தார்; கடைசி எழுத்தில் மை ஊறிப் பரந்தது.

அண்ணி தாளை மடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நாளைக்கு யாராவது இந்த மனுவையே கேட்டா, இதையும் குடுத்துடுவாங்களா?”

“குடுப்பாங்க. பேரையும் உறவையும் மட்டும் மை பூசி மறைச்சிட்டுக் குடுப்பாங்க. அது சட்டம்.”

“யாரு பூசுவா?”

அவர் பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

“இனிமே வேற யாராவதுதான் அண்ணி.”