நுஸ்லாவிடம் கேட்டவள்

நுஸ்லாவின் மூன்றாவது பிள்ளை யாருக்கு என்பது பிறக்கும் முன்னமே முடிவாகிவிட்டது.

மாத்தளையில் ஒரே வளவுக்குள் இரண்டு வீடுகள். ஒன்றில் நுஸ்லாவும் கணவன் றுஸ்தியும் மாமியும். மற்றதில் றுஸ்திக்கு மூத்த நானா பலீலும் அவர் மனைவி ஜெஸ்லாவும். ஜெஸ்லாவுக்குக் கலியாணமாகிப் பதினொரு வருஷம், பிள்ளையில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து எல்லோரும் சாப்பிடும்போது மாமி சொன்னார்: "இந்தப் புள்ளய ஜெஸ்லா வளக்கட்டும். ஒனக்குத்தான் ரெண்டு இருக்கே, நுஸ்லா. பெரிய நன்மை கெடைக்கும்."

றுஸ்தி தலையாட்டினான். பலீலுக்குக் கண் கலங்கிவிட்டது. நுஸ்லா கறிச்சட்டியோடு நின்றாள்.

மறுக்க அவளுக்கு வாய் வரவில்லை. அவள் வாந்தியெடுத்துக் கிடந்த மாதங்களில் இரண்டு பிள்ளைகளுக்கும் சோறூட்டிப் பள்ளிக்கு அனுப்பியவள் ஜெஸ்லா. அவளிடம் எப்படி இல்லை என்பது? ஆனால் வயிற்றில் பிள்ளை புரளும்போதெல்லாம் அவள் கை வயிற்றை அணைத்துக்கொண்டது.

ஏழாம் மாதம் கிளினிக்குக்கு ஜெஸ்லாதான் கூட வந்தாள். வாங்கில் உட்கார்ந்து காத்திருக்கையில் திடீரென்று கேட்டாள்:

"நுஸ்லா, ஒன்ட்ட யாராச்சும் கேட்டாங்களா?"

"என்னத்த, ராத்தா?"

"புள்ளயக் குடுக்க விருப்பமான்னு."

நுஸ்லா அழுதுவிட்டாள். "என்னால ஏலாது ராத்தா. மன்னிச்சிக்கங்க."

"இதுல மன்னிக்க என்ன இருக்கு? சொமக்கிறவ நீ." ஜெஸ்லா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்ட்டயும்தான் ஒருத்தரும் கேக்கல்ல. மொதல்ல அஞ்சாறு வருஷம் அழுதேன், பொய் சொல்ல மாட்டேன். இப்ப தையல் கிளாஸும் அங்க வார பொம்பளப் புள்ளைகளுமா நிம்மதியாத்தான் இருக்கேன். புள்ள இல்லாட்டி நான் கொறஞ்சவன்னு இவங்களா முடிவெடுத்துட்டாங்க."

வீடு திரும்பியதும் ஜெஸ்லா நேரே மாமியிடம் போனாள். "எனக்கு இந்தப் புள்ள வேணாம் மாமி. அதுக்கு உம்மா இருக்கா." நுஸ்லா அழுததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பழி முழுக்கத் தன் தலையில் விழட்டும் என்று விட்டுவிட்டாள். மாமி இரண்டு வாரம் அவளோடு முகங்கொடுத்துப் பேசவில்லை.

பலீலும் நொந்துபோனார். "என்னயாவது கேட்டிருக்கலாமே," என்றார்.

"கேட்டிருக்கணும்தான்," என்று ஜெஸ்லா ஒத்துக்கொண்டாள்.

பெண் பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்த ஜெஸ்லாவின் கையில் நுஸ்லாவே பிள்ளையைக் கொடுத்தாள். மனதில் துளி பயமில்லை.

"ராத்தா, அண்டைக்கு நீங்க மட்டும் கேக்காம இருந்திருந்தா..."

"சரி, சரி. சூப் ஆறுது, குடி."

நுஸ்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு கோப்பையை எடுத்தாள். "அல்ஹம்துலில்லாஹ்," என்றாள்.