முந்தியின் இடது முனை

1
சண்டை போடத்தான் போனேன். குச்சு கட்டக் கொடுத்திருந்த என் புடவை திரும்பி வந்ததும் முந்தியை விரித்துப் பார்த்தால், பாதி முடிச்சுகள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கின்றன, மீதிப் பாதி மறுபக்கம். எருத்தேன்பதிக்குப் போய், குச்சு கட்டும் இந்துவின் வாசலில் நின்று கேட்டேன். அவள் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "உக்காருங்கக்கா, சொல்றேன்" என்றாள். சொன்னதுதான் இந்தக் கதை. (அவள் புருஷன் ராஜசேகரின் மனசுக்குள் ஓடியவை மட்டும் என் சரக்கு. அவனைக் கேட்டால் இல்லை என்பான், நம்பாதீர்கள்.)

2
முதலில் எழுதிய தொடக்கம்: பால் வண்டி ஓட்டும் ராஜசேகர் காலை உடைத்துக்கொண்ட அன்று வானம்...

வேண்டாம். வானத்துக்கும் அவன் காலுக்கும் என்ன சம்பந்தம்?

காலில் மாவுக்கட்டு. வீட்டில் சும்மா கிடக்கிறான். இந்துவுக்கோ மணிக்கட்டு வலி, குச்சு பின்னும் கொக்கி ஊசியை, அதுதான் குரோஷா ஊசி, பிடித்தால் அரைமணி தாங்காது. பார்த்துக்கொண்டு கிடக்க அவனுக்கு மனசு கேட்கவில்லை.

"எனக்கும் சொல்லிக்குடு புள்ளே" என்றான்.

3
மூன்று நாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துப் போட்டான். நூல் சிக்கியதுதான் மிச்சம். அவன் இடக்கைக்காரன். பள்ளிக்கூடத்தில் அடித்து எழுத்தை வலக்கைக்கு மாற்றிவிட்டார்கள். ஊசி அப்படி மாறுவேனா என்றது.

"என்ற கைக்கு இது வராது, விடு."

நாலாம் நாள், கால் வலிக்கிறதென்று எதிர்க் கட்டிலில் நீட்டி உட்கார்ந்தான். அவள் வலக்கைக்கு நேர் எதிரே அவன் இடக்கை. கண்ணாடி பார்த்துத் தலை சீவுகிற மாதிரி வந்துவிட்டது. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசினால் போய்விடுமோ என்று அவனுக்குப் பயம்.

(பழகியது என் புடவையில். மறுபக்கம் சாய்ந்த பாதி அவன் கை. நன்றாக இருக்கட்டும்.)

4
அடுத்து வந்தது மீனாட்சிபுரம் மருதாத்தாளின் மகளுக்கு எடுத்த முகூர்த்தப் பட்டு. இருவர் மடியிலுமாக முந்தியை விரித்து, அவள் வலது முனையிலிருந்தும் அவன் இடது முனையிலிருந்தும் தொடங்கினார்கள். ஊசி பிடித்த கைகள் வெளிப்பக்கம் இருந்ததால் இடித்துக்கொள்ளவில்லை. நெருங்க நெருங்கத் தோள்தான் இடித்தது. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் இவ்வளவு நேரம் ஒட்டி உட்கார்ந்ததில்லை என்று சொல்லும்போது இந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு என் புடவை மறந்தே போயிற்று.

இப்போது சாய்வு தெரியாமல் போடவும் கற்றிருந்தான். ஆனாலும் பயம். அந்த ஊர்ப்பக்கம் கல்யாண வெற்றிலைபாக்கைக்கூட இடக்கையால் தொடமாட்டார்கள். பீச்சாங்கை பட்டது தெரிந்தால் மருதாத்தாள் புடவையை வாங்குவாரா?

நடுவில் ஒரே ஒரு முடிச்சு பாக்கி. அவன் முறை. சொல்லாமல் கொள்ளாமல் மருதாத்தாளே உள்ளே வந்துவிட்டார்.

"முடிஞ்சுதா அம்மிணி?"

"இன்னும் ஒண்ணுதானுங்க."

"அட, உன்ற ஊட்டுக்காரருமா போடறாரு? போடட்டும், பாத்துட்டே போறேன்."

ராஜசேகர் ஊசியை வலக்கைக்கு மாற்றினான். நூல் நழுவியது. மறுபடி போட்டான், மறுபடி நழுவியது. காது மடல் சுட்டது. இந்து வாங்கி ஒரு நொடியில் முடித்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

5
முடிவு ஒன்று: மருதாத்தாள் பட்டை வாங்காமலே போகிறார். (எழுதினேன், எனக்கே பொறுக்கவில்லை, அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: "ரெண்டு கையும் சாமி குடுத்ததுதான கண்ணு" என்கிறார். (இது என் ஆசை. அதனாலேயே நம்ப முடியவில்லை.)

உண்மையில் என்ன நடந்தது என்று இந்து சொன்னாள். நான் எழுதமாட்டேன். உங்கள் வீட்டுக் கல்யாணப் பட்டு என்று நினைத்துக்கொண்டு, மருதாத்தாளின் பதிலை நீங்களே சொல்லுங்கள்.

எனக்கு வேண்டியது அதற்கு முந்தைய நொடிதான். அவன் வலக்கையிலிருந்து இந்து ஊசியை எடுத்தாள். தான் போடவில்லை. மருதாத்தாள் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே அதை அவன் இடக்கையில் வைத்தாள்.

"உங்க கையிலயே போடுங்க மாமா" என்றாள்.