கழிப்பறைக்கு ஒரு ஞானத்தகப்பன்

எங்கள் ஊரில் எதைக் கட்டினாலும் அதற்கு ஞானத்தகப்பன் வேண்டும். பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்றால் ஒருவர் போதும். கட்டடம் என்றால் கதவுக்கு ஒருவர், கூரைக்கு ஒருவர், கரும்பலகைக்கு ஒருவர். பொருளை அவர் வாங்கித் தருவார். அவர் பெயரைப் பித்தளைத் தகட்டில் பொறித்து மாட்டுவோம். திறப்பு விழாவில் வாசலில் மதுப் பாட்டிலை உடைத்துவிட்டு முதலில் உள்ளே போவதும் அவர்தான்.

புதுத் தொடக்கப்பள்ளிக்கு அரசாங்கம் தந்தது ஒரு வரைபடமும் ரோலாந்தோ என்ற இஞ்சினியரும். சுவர்களை வீட்டுக்கு ஓர் ஆள் வந்து சுடாத பச்சை மண்கல்லில் எழுப்பினோம், முழங்கை நீளத் தடிமனில். பகல் வெயிலை இந்தச் சுவர் பிடித்துவைக்கும், ஹீட்டர் தேவையில்லை என்று இஞ்சினியர் விளக்கினார். இந்த மலைக்குளிரில் அது எங்களுக்கு முன்பே தெரியும். பாவம், படமெல்லாம் போட்டு வந்திருந்தாரே என்று கேட்டுக்கொண்டோம்.

பெற்றோர் சங்கத் தலைவி நான். கூட்டத்தில், ஞானத்தகப்பன் தேவைப்படுகிறவற்றின் பட்டியலை வாசித்தேன். சூரியத் தகடுகளுக்கு மூன்று பேர் கை தூக்கி, கைகலப்பு வரை போனது. மழைநீர்த் தொட்டியை ஊர்த்தலைவர் குமெர்சிந்தோ எடுத்துக்கொண்டார். கடைசியாக உலர் கழிப்பறை என்று வாசித்தேன். ஆண்கள் எல்லோரும் அவரவர் தொப்பியைப் பார்த்தார்கள்.

"தண்ணியே வேணாங்க. சாம்பலப் போட்டு மூடணும், அவ்வளவுதான். நாத்தம் வராது. அப்புறம் நல்ல உரமாயிடும்," என்றார் இஞ்சினியர்.

"அப்ப நீங்களே ஞானத்தகப்பனா இருங்க சார்," என்றார் குமெர்சிந்தோ.

"அரசு ஊழியர் இருக்கக்கூடாதுன்னு விதி."

"இப்பதான் போட்டீங்களா அந்த விதிய?"

கழிப்பறை முடியாமல் பள்ளியைத் திறக்கக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார் இஞ்சினியர். மார்ச்சில் பள்ளி திறக்காவிட்டால் பிள்ளைகள் இன்னும் ஒரு வருஷம் ஆற்றைத் தாண்டி அடுத்த ஊருக்கு நடக்க வேண்டும். நடப்பது பெரிய விஷயமில்லை. அங்கே பெண்பிள்ளைகள் ஒதுங்க இடமில்லை. பாறைக்குப் பின்னால் போனால் பையன்கள் கல் எறிவார்கள். என் மகள் நெலிக்கு ஏழு வயது. பள்ளி நாளில் காலையிலிருந்து ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். அதனாலேயே நீர்க்கடுப்பு வந்து இரண்டு முறை காய்ச்சலில் கிடந்தாள். இன்னொரு முறை வந்தால் சிறுநீரகம் தாங்காது என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். இதைக் கூட்டத்தில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை நினைத்தால் இப்போது என் மேலேயே கோபம் வருகிறது.

தலைநகர் லிமாவுக்குப் போன் போட்டேன். அங்கே எங்கள் ஊர்க்காரர் எவாரிஸ்தோ மினிபஸ் ஓட்டி நன்றாக இருக்கிறார்.

"அண்ணே, உங்களுக்குன்னே ஒண்ணு ஒதுக்கி வச்சிருக்கோம்."

"என்னது?"

"தனிக் கட்டடம்ணே. கிழக்குப் பாத்தது. நல்ல காத்தோட்டம்."

"நூலகமா?"

"பசங்க தினமும் வருவாங்கண்ணே. வாத்தியாரும் வருவாரு."

இல்லை என்று நான் சொல்லவில்லை. செய்தது பாவம்தான். பாதிரியாரிடம் சொல்லியாயிற்று.

லிமாவிலிருந்து சிமெண்ட் வந்தது, கதவுகள் வந்தன, கூரைக்கு மேலே நீளும் குழாய் வந்தது. நூலகத்துக்கு எதற்கு இவ்வளவு பெரிய குழாய் என்று மட்டும் எவாரிஸ்தோ போனில் கேட்டார். காற்றோட்டத்துக்கு என்றேன்.

திறப்பு விழாவுக்கு எவாரிஸ்தோ கோட்டு சூட்டில் வந்தார். கூடவே ஒரு பேண்டு வாத்தியக் குழு, இரண்டு பெட்டி நிறையக் கலைக்களஞ்சியம். பேண்டு முழங்க, பாட்டிலை உடைக்கும் முன்பே, தன் பெயர்த் தகடு மாட்டிய கதவைத் திறந்து பார்த்தார். உள்ளே உட்காரும் மேடை. பக்கத்தில் சாம்பல் வாளி.

"பசிலியா."

"சொல்லுங்கண்ணே."

"என்ன இது?"

"கழிப்பறைண்ணே."

பேண்டு நின்றது. கூட்டத்தில் யாரோ, "அண்ணே, உக்காந்து நிதானமா படிக்கலாம்!" என்றான். ஊரே சிரித்தது.

"ஊரு கூடி என் மானத்த வாங்கிட்டீங்கல்ல? கழட்டு அந்தத் தகட்ட!" என்று கத்தினார்.

அப்போதுதான் சொன்னேன். கல்லை, காய்ச்சலை, நர்ஸ் சொன்னதை, எல்லார் முன்னாலும், கோர்வையில்லாமல் சொன்னேன். நெலி என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். அவர்களில் ஆற்றுக்கு அந்தப் பக்கப் பள்ளிக்குப் பெண்பிள்ளையை அனுப்புகிறவர்கள் பலர்.

எவாரிஸ்தோ குனிந்து நெலியைப் பார்த்தார்.

"உள்ள தாழ்ப்பா இருக்கா?"

"இருக்குண்ணே."

உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். தாழ் போடும் சத்தம் கேட்டது.

"தள்ளுங்கடா!" என்றார் உள்ளிருந்து.

நான்கு பேர் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். கதவு அசையவில்லை. "இன்னும் பலமா!" என்றார். ஊர்த்தலைவரும் சேர்ந்து தள்ளினார். அப்போதும் அசையவில்லை.

வெளியே வந்து கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டார். "தாழ்ப்பா உசரத்துல இருக்கு. புள்ளைக்கு எட்டாது. கீழ எறக்கிப் போடுங்க," என்றார். பிறகு பாட்டிலை எடுத்து வாசற்படியில் உடைத்தார். தகடு இருந்த இடத்திலேயே இருந்தது. இஞ்சினியர் அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

பள்ளி தொடங்கிய காலை, நெலி சீருடையோடு அடுப்படியில் உட்கார்ந்து ஒரு கோப்பை தேநீர் குடித்தாள். இன்னொன்று கேட்டாள். குடித்துவிட்டு மறுபடியும் கோப்பையை நீட்டினாள்.

"வயிறு வெடிச்சிரும்டி," என்றேன்.

"ஊத்தும்மா," என்றாள்.

ஊற்றிக் கொடுத்துவிட்டு, அவளுக்கு முதுகைக் காட்டி நின்று அழுதேன்.